அத்தானுக்குச் சொன்ன லைன்அவுட்

ஒக்டோபர், இரண்டாம் ஞாயிறு. மோர்டன்.

இன்று அக்கா வீட்டில் கார்ப் பந்தயம் பார்த்தோம். முதலாவதாக ஓடிய காரின் பின்டயர் தேய்ந்துவிட்டது, இப்போதே மாற்றாவிட்டால் வெடிக்கும் என்றேன். அத்தான் எல்லோர் முன்னாலும் சிரித்தார். "எஞ்சினியர் தம்பி, உமக்கொரு டயர்க்கடை போட்டுத் தரட்டே?"

பத்துச் சுற்றில் டயர் வெடித்தது. மனுசன் கதிரையை விட்டு எழும்பி, "நான் அப்பவே சொன்னனான்!" என்றார். ஒருவரும் மறுக்கவில்லை. போன கிழமை கால்பந்திலும் இதே கதைதான். எதிரணிக் கோல்கீப்பர் இடப்பக்கம் பாயத் தயங்குகிறான் என்று நான் கவனித்துச் சொன்னதை, தான் கண்டுபிடித்ததாகச் சொல்லித் திரிகிறார்.

சாப்பாட்டுக்குப் பிறகு குசினிக்குள் வந்து மெதுவாகக் கேட்டார். "எங்கட புது மனேஜர் வடக்கு இங்கிலாந்து ஆள். ரக்பி லீக் எண்டால் உயிர். நாளைக்கு அவரோட லஞ்ச். என்ன கதைக்கலாம்?"

"உங்கட டீமின்ர லைன்அவுட் சரியில்லை எண்டு சொல்லுங்கோ அத்தான். ஆள் அசந்து போவார்."

லைன்அவுட் என்பது எல்லைக்கோட்டிலிருந்து எறியும் பந்தை இரு அணியும் வரிசையாக நின்று துள்ளிப் பிடிப்பது; ரக்பி லீக்கில் அது கிடையவே கிடையாது. அது ரக்பி யூனியன் என்ற வேறு ஆட்டத்தில் உள்ளது. இரண்டையும் ஒன்றென்று நினைப்பவனை வடக்கு இங்கிலாந்து ஆட்கள் மனிதனாகவே மதிக்க மாட்டார்கள்.

வெளிக்கிடும்போது அக்கா சொன்னாள், அத்தானின் பதவி உயர்வு அந்த மனேஜரின் கையில்தானாம். பஸ்ஸில் மனம் கொஞ்சம் குத்தியது. உண்மையைச் சொல்லிவிடலாம் என்று வீட்டுக்கு வந்து போனை எடுத்தேன். அவருடைய செய்தி முந்தி வந்திருந்தது.

"தம்பி, அந்த லைன்அவுட் விசயம் நானும் ஏற்கெனவே யோசிச்சு வைச்சதுதான்."

சரி, அவருடையதாகவே இருக்கட்டும். போனை அணைத்துவிட்டேன்.