துறட்டி இறங்கிய குட்டை

மச்சான்,

நேற்று திருத்தங்கலில் உன்னால் என் மானம் போனது. மகளைக் கொடுக்கலாமா என்று மாப்பிள்ளை வீடு பார்க்கப் போயிருந்தோம். மாப்பிள்ளையின் அம்மா கண்ணாடித் தம்ளரில் தண்ணீர் கொடுத்தார். வாங்கியவன் குடித்துத் தொலைத்திருக்கலாம். டியூப்லைட்டுக்கு நேரே தூக்கிப் பிடித்துப் பார்த்தேன். அதோடாவது விட்டேனா? ஸ்டூலில் வைத்து, அடியில் ஏதாவது படிகிறதா என்று குனிந்து காத்திருந்தேன்.

"தண்ணியில எதுவும் கெடக்காண்ணே?" என்றார் அந்த அம்மா.

"இல்லம்மா, சும்மா" என்று ஒரே மடக்கில் குடித்தேன். புரையேறிவிட்டது.

பத்தாம் வகுப்பை இரண்டு தடவை எழுதியும் தாண்டாத எனக்கு இந்தப் பரிசோதனைப் புத்தி வேறு எங்கிருந்து வரும்? உன்னிடம் ஒட்டிக்கொண்டதுதான். நான் வாங்கித் தருகிற டீயைக்கூட "எதுக்குலே திடீர்னு?" என்று கேட்டுவிட்டுத்தானே குடிப்பாய்.

வெம்பக்கோட்டைப் பக்கத்துக் கல்குவாரியில் நான் மோட்டார் ஓட்ட ஆரம்பித்த புதிது. பள்ளத்தில் தேங்கும் மழைத்தண்ணீர் கல்தூசியும் மண்ணும் கலந்து சுண்ணாம்புப் பால் போல இருக்கும். அதை இறைத்து ஒரு குட்டையில் விடுவேன். அங்கே நின்று சகதி அடியில் படிந்த பிறகு, மேல்தண்ணீர் மட்டும் ஓடைக்குப் போக வேண்டும். ஓடை போய்ச் சேருவது உன் வயலுக்குப் பாயும் கண்மாய். ஆனால் ஒவ்வொரு மழைக்கும் கண்மாய் வெளுத்தது, மடை தூர்ந்தது. உன் ஆடுகள் மோந்து பார்த்துவிட்டுத் திரும்பின.

ஆட்டுக்குக் காய் பறிக்கிற துறட்டியோடு நீ குவாரிக்கே வந்துவிட்டாய். மேனேஜர் குட்டையைக் காட்டினார். மழை விட்டுக் கொஞ்ச நாள் ஆகியிருந்தது. தண்ணீர் கண்ணாடி மாதிரிக் கிடந்தது.

"பாரு மச்சான், இதுல மொகம் பாத்துத்தான் நான் தல சீவுறேன்" என்றேன் பெருமையாக.

"ஒனக்குச் சீவ என்னலே இருக்கு? தெளிவு கெடக்கட்டும். ஆழம் எம்புட்டு?"

"ஆள் முங்குற ஆழம்" என்றார் மேனேஜர்.

நீ துறட்டியை உள்ளே விட்டாய். முழங்கால் அளவில் நின்றுவிட்டது. அதற்குக் கீழே எல்லாம் கெட்டிச் சகதி. புதுத் தண்ணீர் வந்தால் நிற்க இடமேது? வந்த வேகத்தில் மேலோடு வழிந்து கண்மாய்க்குப் போயிருக்கிறது. மேனேஜர் உன்னை விட்டுவிட்டுத் துறட்டியை முறைத்தார்.

பொக்லைன் வந்து அள்ளியது. ஊருக்கு நிம்மதி, உனக்கு இல்லை. "அள்ளுன சகதிய எங்கன கொட்டுனாக?" என்று மறுபடி வந்து நின்றாய். குட்டைக் கரையிலேயே குவித்திருந்தார்கள். ஒரு மழை அடித்தால் அத்தனையும் திரும்ப உள்ளே இறங்கியிருக்கும். அதையும் நீ அகற்ற வைத்த பிறகு கேட்டேன்: "இனியாச்சும் நம்புறியா?"

"மழைக்கு மழை நம்புறேன்" என்றாய். சொன்னபடி ஒவ்வொரு மழை விட்டதும் துறட்டியோடு வந்தாய்.

நீ கண்ணை மூடிய பிறகு தங்கச்சி ஆடுகளை விற்றுவிட்டு, துறட்டியை மட்டும் என்னிடம் கொடுத்தது. இப்போது மழைக்கு மழை நான்தான் விட்டுப் பார்க்கிறேன். உன்னைக் கண்டு சுளித்த அதே முகத்தை மேனேஜர் எனக்கும் காட்டுகிறார். மற்ற நாளெல்லாம் துறட்டி எங்கள் வீட்டில் முருங்கைக்காய் பறிக்கிறது.

நேற்றைய பையன் மல்லாங்கிணறு பக்கம் ஒரு குவாரியில் சூப்பர்வைசர். படிப்பு, பணிவு, தலை நிறைய முடி. ஒரு குறையும் தெரியவில்லை. அதுதான் எனக்கு உறுத்தியது. மகளுக்குப் பிடித்துவிட்டது. "அங்கன போயி போலீஸ்காரரு மாதிரி கேள்வி கேக்காதீகப்பா" என்று சொல்லித்தான் அனுப்பினாள்.

நானும் குவாரி ஆள் என்று தெரிந்ததும் பையன் உற்சாகமாகிவிட்டான். "எங்க குவாரியில குட்டையெல்லாம் பக்கா மாமா. வெளிய போற தண்ணி கண்ணாடி மாதிரி இருக்கும்."

கண்ணாடி மாதிரி! 'ஆழம் எம்புட்டு?' என்ற உன் கேள்வி என் வாய் வரை வந்துவிட்டது. என் வீட்டுக்காரி கிள்ளத் தயாராக இருந்தாள்.

"ஒரு நாள் நீங்களே வந்து பாருங்க மாமா."

"அதுக்கென்ன மாப்பிள்ளை, வாரேன்" என்றேன். மாப்பிள்ளை என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது. எல்லோரும் சிரித்தார்கள். அந்த அம்மா இன்னொரு தம்ளர் தண்ணீர் கொண்டுவந்தார். பார்க்காமலே குடித்தேன்.

துறட்டியோடுதான் வருவேன் என்பதை மட்டும் சொல்லவில்லை.