டாக்டர் சொன்னதை நீங்களும் கேட்டீர்கள், அப்பா

என் பிரியமுள்ள அப்பாவுக்கு,

நம் கடைக்குட்டி மீனாவுக்குச் சம்பந்தம் கூடிவந்திருக்கிறது. அந்தச் சந்தோஷத்தைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். எழுத எழுத வேறொன்று வருகிறது.

எனக்கு மூளைக்காய்ச்சல் வந்த ஐப்பசியை மறந்திருக்க மாட்டீர்கள். மேலகரத்துக்கு வாழப்போய் ஒரு வருடம்கூட ஆகவில்லை. காய்ச்சலோடு வலிப்பும் வந்து, நினைவு தப்பி ஆஸ்பத்திரியில் கிடந்தேன். கண் விழித்தபோது என் காலைப் பிடித்துக்கொண்டு அழுதது நீங்கள்தான்.

அன்று டாக்டர் உங்களிடமும் என் வீட்டுக்காரரிடமும் பொறுமையாகச் சொன்னார்: "வைரஸ் மூளைக்குள்ள போனா, அங்கன ரத்தக்குழாயோட உள்சுவர்ல இருக்க செல்லுங்க சும்மா இருக்காது. ரத்தத்துல ஓடுத வெள்ளணுவைப் பிடிச்சு நிறுத்தி உள்ள விடும். அதுதான் வைரஸை அழிக்கும். ஆனா சுவரு அளவுக்கு மேல திறந்துட்டா மூளை வீங்கிரும். பிள்ளைக்கு வலிப்பு அதனால வந்தது. பிறவியில உள்ளது இல்ல, பரம்பரையும் இல்ல."

நீங்கள் தலையாட்டினீர்கள். என் வீட்டுக்காரரும்தான்.

அடுத்த மாதமே மேலகரத்தில் உங்களை வரவழைத்துப் பேச்சு வைத்தார்கள். நான் கதவுக்குப் பின்னால் நின்றேன். "வலிப்புக்காரியை மறைச்சுல்லா கெட்டி வச்சிட்டீய" என்றார் மாமனார். என் வீட்டுக்காரர் வாயே திறக்கவில்லை. அது எனக்குப் பெரிதாக வலிக்கவில்லை. நீங்கள் பேசுவீர்கள் என்று காத்திருந்தேன்.

மாமனார் குரலைத் தாழ்த்தினார். "சத்தமில்லாமக் கூட்டிட்டுப் போங்க, அண்ணாச்சி. ரெண்டாவது பிள்ளைக்குச் செங்கோட்டையில பேசி முடிச்சிருக்கீயளாமே. அது நல்லபடியா நடக்கணும்லா?"

நீங்கள் எழுந்து, "ஏட்டி செண்பகம், கிளம்பு" என்றீர்கள். அவ்வளவுதான். ஊரில் கேட்டவர்களிடம், "அவளுக்குத்தான் அங்கன இருக்கப் பிடிக்கல" என்றீர்கள். தங்கச்சி கோமதி கல்யாணத்தன்று என்னைப் பின்கட்டில் இருக்கச் சொன்னீர்கள். இருந்தேன். நாகஸ்வரம் மட்டும் கேட்டது.

மாத்திரையை நிறுத்தி எத்தனையோ வருடமாகிறது. வலிப்பு திரும்பவே இல்லை. உங்களுக்கும் தெரியும். ஆனாலும் வீட்டுக்கு ஆள் வந்தால் நான் உள்ளே போவது மட்டும் நிற்கவில்லை.

போன வாரம், குற்றாலத்தில் குளிக்க வந்த மாப்பிள்ளை வீட்டார் அப்படியே மீனாவைப் பார்க்க வந்தார்கள். "ஏட்டி, நீ உள்ள இரு" என்றாள் அம்மா. நான் காபித் தட்டை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். எனக்கு வந்த காய்ச்சலை, டாக்டர் சொன்னபடியே சொன்னேன். காபி ஆறுவதற்குள் சொல்லி முடித்துவிட்டேன், அப்பா.

மாப்பிள்ளையின் அம்மா கேட்டார்கள்: "இவ்வளவுதானா? இதை உங்க அப்பா ஏன் அன்னைக்கே சொல்லல?"

அதைத்தான் நானும் உங்களிடம் கேட்கிறேன். உங்களிடம் பதில் இருந்ததா?

ஆவணியில் கல்யாணம். அம்மா என்னோடு பேசுவதில்லை. மீனா என் பக்கத்தில்தான் படுக்கிறாள்.

உங்கள் படத்துக்குத் தினமும் பூ வைக்கிறேன், இனியும் வைப்பேன். ஆனால் மணவறையில் மீனாவின் பக்கத்தில் நான்தான் நிற்பேன். என் கதையை யார் கேட்டாலும், "அப்பாவுக்கு எல்லாம் தெரியும்" என்பதையும் சேர்த்தே சொல்வேன். இது சத்தியம்.

அன்று கதவுக்குப் பின்னால் நின்ற உங்கள் மூத்த மகள்,
செண்பகம்