மேஸ்திரி பேரனுக்கு நான் வைத்த பெயர்

என் ஆசை நைனாவுக்கு,

ராயபுரமே கேட்டுச் சிரித்த உன் பெயர் இப்போது யார் வீட்டுத் தொட்டிலில் கிடக்கிறது தெரியுமா? கோதண்டம் மேஸ்திரி வீட்டில். அவனுடைய ஒரே பேரனுக்கு. வைத்தவள் நான். இதைச் சொல்ல உன்னை விட்டால் எனக்கு வேறு யார்?

உனக்கு முன்னால் பிறந்த மூன்று பிள்ளைகளும் தங்கவில்லை என்று, உன்னைக் குப்பைமேட்டில் புரட்டி எடுத்துக் குப்பன் என்று கூப்பிட்டார்களாம். குப்பை என்று நினைத்து எமன் தாண்டிப் போய்விடுவானாம். நம் பக்கத்தில் இப்படிப் பெயர்கள் கொஞ்சமா? தவிட்டுக்கு விற்று வாங்கிய பிள்ளை தவிட்டான். மடிப்பிச்சை ஏந்திப் பெற்றவன் பிச்சை. பெண்பிள்ளை என்று எமனை ஏமாற்ற மூக்குக் குத்தி வளர்த்தவன் மூக்கன். எதிர்வீட்டில் ஒரு மண்ணாங்கட்டியே இருக்கிறான், துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறான். தவமிருந்து பெற்ற பிள்ளைக்குத்தான் நைனா இந்தப் பெயர்களெல்லாம்.

இது கோதண்டத்துக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். தெரிந்துதான் கப்பலில் கரி இறக்கும் இடத்தில் "அந்தக் குப்பைய இட்டுனு வாங்கடா" என்று உன்னைக் கூப்பிடுவான். நீயும் சிரித்துக்கொண்டே போவாய். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு உன்மேல்தான் கோபம் வருகிறது.

கரிக்கூடை தூக்கும் கயிறு நைந்திருக்கிறது, கீழே நிற்க மாட்டேன் என்று நீ சொன்ன அன்று, "குப்பைக்கு இன்னாடா உசுரு மேல ஆசை" என்று உன்னைப் பிடித்து அதன் கீழேயே தள்ளினானாமே. கயிறு அறுந்து கூடை உன்மேல் விழுந்தது. உன்னைக் கொண்டுவந்து வாசலில் கிடத்தியபோது அம்மா காதில் விழும்படியே சொன்னான்: "குப்பைதான, போனா போவுது. நாளைக்கு வேற ஆளு போட்டுக்கலாம்." அவன் வயிறு எரிய வேண்டும் என்று அன்றைக்கே நினைத்தேன். இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

ஆனால் அவன் மருமகளுக்கு இரண்டு குழந்தைகள் பிறந்து இறந்தபோது நான் சந்தோஷப்படவில்லை. நான் சபித்தது அவனை. அந்தக் குழந்தைகளை இல்லை. நீயாவது நம்புவாய் அல்லவா?

போன மாதம் மூன்றாவது பிறந்தது. பையன். பெற்றதெல்லாம் உயிரோடு இருக்கிற ஒருத்திதான் இதைத் தவிட்டுக்கு வாங்க வேண்டும், வாங்கியவள்தான் பெயரும் வைக்க வேண்டும் என்று மருத்துவச்சி சொல்லிவிட்டாள். எங்கள் தெருவில் மற்ற எல்லா வீட்டிலும் ஒரு பிள்ளையாவது போயிருக்கிறது. என் நான்கும் நன்றாக இருக்கின்றன. வேறு வழியில்லாமல் மேஸ்திரியே குழந்தையோடும் மருமகளோடும் என் வாசலில் வந்து நின்றான்.

"அஞ்சல, ஒரு மொறம் தவுடு குட்து இந்தக் கொயந்தய வாங்கிக்கம்மா. நல்லதா ஒரு பேரு வெய்யி."

"வாங்கிக்கிறேன் மேஸ்திரி. பேரு குப்பன்."

அவன் முகம் செத்துவிட்டது. "வேற எதுனா வெய்யிம்மா. பிச்சைன்னு வெய்யி, மூக்கன்னு வெய்யி. நான் வேணாங்கல."

"ஏன், நீ வாய் நெறைய கூப்ட்ட பேருதான?"

"பழச மனசுல வெச்சிக்கினு பேசாதம்மா. இந்தக் கொயந்த இன்னா பண்ணிச்சி?"

"எங்க நைனா இன்னா பண்ணாரு?"

உள்ளே இருந்து அம்மா, "வுட்டுடு அஞ்சல, பச்சக் கொயந்த" என்றாள். நான் விடவில்லை. "குப்பன்னா வாங்கிக்கிறேன். இல்லாங்காட்டி தூக்கினு போ" என்றேன். அந்தப் பெண்தான் மாமனார் கையிலிருந்து குழந்தையைப் பிடுங்கி என் மடியில் போட்டாள். "எந்தப் பேருன்னாலும் வெய்யிக்கா. உசுரோட இருந்தா போதும்." குழந்தையைச் சேர்த்து அணைத்துக்கொண்டேன். அவளுக்காக அணைத்தேன், அவனுக்காக இல்லை.

தவிட்டைக் கொடுத்தேன். பிள்ளை என்னுடையதாகிவிட்டது. வளர்க்கத் திருப்பிக் கொடுக்க வேண்டுமென்றால், அந்த வீட்டுப் பெரியவர் வாசலில் நின்று புதுப் பெயரைச் சொல்லிக் கூப்பிட வேண்டும். அதுதான் முறை. அவன் வாய்க்குள்ளேயே முனகினான். "கேக்கல" என்றேன். தெருவே நின்று பார்த்தது. மறுபடி கூப்பிட்டான். "குப்பா, வூட்டுக்கு வாடா." குரல் உடைந்து அழுதுவிட்டான். போதும் என்று எல்லாரும் சொன்னார்கள். எனக்குப் போதவில்லை நைனா.

போன வாரம் குழந்தைக்குக் காய்ச்சல் கண்டது. அவர்கள் கையைப் பிசைந்துகொண்டு நிற்க, தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியவள் நான். அம்மாவுக்கு ஆச்சரியம். என் மனசு மாறிவிட்டது என்று நினைக்கிறாள். மனசாவது, மாறுவதாவது. அந்தப் பிள்ளை பிழைக்காவிட்டால் அந்த வீட்டில் உன் பெயரை யார் சொல்லுவார்கள்?

பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது வேறு பெயர் கொடுத்துக்கொள்ளலாம் என்று மேஸ்திரி பேசிக்கொண்டிருக்கிறானாம். கொடுக்கட்டும் பார்க்கலாம். தவிடு கொடுத்து வாங்கிய தாய் நான் அங்கே முன்னால் போய் நிற்பேன். இது சத்தியம். அந்தப் பிள்ளை பல்லெல்லாம் விழுந்து கிழவனாகும் வரை இருக்க வேண்டும், ஒரு குறையும் இல்லாமல் அவனை நான் பார்த்துக்கொள்வேன். கோதண்டமும் இருக்க வேண்டும் நைனா, கண் தெரிந்து, காது கேட்டு, நாக்குக் குழறாமல். பொழுது விடிந்து பொழுது போனால் அவன் உன்னைக் கொஞ்சிக் கொஞ்சிக் கூப்பிட வேண்டும்.

இப்படிக்கு,
குப்பன் மகள் அஞ்சலை