எலுமிச்சைத் துளி விட்ட கறை

அன்பு மச்சான் செல்வத்துக்கு,

நீ போய் ஆறு மாதமாகிறது. உன்மேல் எனக்கிருந்த பொறாமை மட்டும் இன்னும் போகவில்லை. செத்தவன்மேல் யாராவது பொறாமைப்படுவானா? நான் படுகிறேன்.

நான் உலோகச் சோதனைக்கூடத்தில் வேலை பார்ப்பவன், நீ வேன் ஓட்டியவன். பழைய கத்தி சேர்க்கும் கிறுக்கு மட்டும் இருவருக்கும் ஒன்று. ஆனால் நல்லதெல்லாம் உன் கையில்தான் வந்து விழும். சதுரங்கப்பட்டினம் காயலான் கடையில் எருமைக்கொம்புப் பிடி போட்ட அந்தக் கத்தியை நீ எடுத்த அன்று எனக்கு வயிறு எரிந்தது.

"இன்னா ஸ்டீலு மச்சான், பாத்துச் சொல்லு" என்று என்னிடமே கொடுத்தாய். படூரில் என் வீட்டில், நீ பார்க்காத நேரமாக அலகில் ஒரு துளி எலுமிச்சைச் சாறு விட்டேன். பத்து நிமிடத்தில் கறுத்துவிட்டது. ஸ்டெயின்லெஸ் இப்படிக் கறுக்காது; இது அசல் பழைய கார்பன் ஸ்டீல்! அவசரமாகத் துடைத்துவிட்டு உன்னிடம், "வெறும் ஸ்டெயின்லெஸ்டா, புது சரக்கு" என்றேன்.

"காந்தம் ஒட்டிக்கிதே?" என்றாய். கத்திக்குப் போடும் ஸ்டெயின்லெஸ்ஸிலும் பெரும்பாலும் காந்தம் ஒட்டும் என்றேன். அது உண்மைதான். உண்மையைச் சொல்லியே பொய்யை நிற்க வைத்தேன். நீ வேண்டாமென்று தூக்கிப் போடுவாய், நான் எடுத்துக்கொள்ளலாம் என்று நினைப்பு. நீயோ அதை மார்க்கெட்டில் மீன் அறுக்கும் அஞ்சலைக்குக் கொடுத்துவிட்டாய்.

போன ஞாயிறு வஞ்சிரம் வாங்கப் போனேன். அவள் கையில் அதே கத்தி. புதுசு வாங்கித் தருகிறேன், இதைக் கொடு என்று கேட்டேன்.

"தர மாட்டேன் சார். பழைய இரும்பு இது. துரு புடிக்கும், தொடச்சி வெச்சிக்கோன்னு அண்ணாத்த சொல்லித்தான் குடுத்தாரு. பிடியாண்ட வட்டமா கறுப்பு கீது பாரு, எலுமிச்சம்பழம் பட்டதாம். 'யாரோ டெஸ்ட் பண்ணிக்கீறாங்க'ன்னு சிரிச்சாரு."

துடைத்தால் போகாத கறை அது. எனக்குத் தெரியாததா?

தெரிந்தேதான் அதற்குப் பிறகு இரண்டு வருடம் என்னோடு டீ குடித்தாயா? ஒரு வார்த்தை திட்டியிருக்கலாமே. உண்மையை அவளிடம் சொன்னாய், என்னிடம் சொல்லவில்லை. இப்போது அவள்மேலும் பொறாமையாக இருக்கிறது.

அந்தக் கத்தியை இனிக் கேட்க மாட்டேன், மச்சான். வரும் ஞாயிறு அஞ்சலையிடம் போய், அந்த 'யாரோ' நான்தான் என்று சொல்லிவிடுகிறேன்.

நீ கடைசிவரை அப்படியே கூப்பிட்டதால்,
உன் மச்சான்
ரவி