தண்ணீரில் தெரிந்த கை

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. அப்பாவும் நானும் நடமாட்டத்தோடு இருக்கிறோம், அங்கே நீ, மாப்பிள்ளை, வாண்டு மூவரும் நன்றாக இருந்தால் எங்களுக்கு அதுவே போதும். அப்பாவுக்கு முழங்கால் வலி தேவலை, ஆனால் மாத்திரையைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டே வீடெல்லாம் தேடுகிறார். வாண்டுவை நீச்சலில் சேர்க்கட்டுமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டிருந்தாய். சேர்த்துவிடு. அப்பாவும் அதையேதான் சொன்னார், சொல்லிவிட்டு எழுந்து வாசலுக்குப் போய்விட்டார்.

கூடத்தில் இருக்கும் ஏரிப் படத்தைப் பற்றி உனக்குச் சொல்ல வேண்டும். நீ அதை வெறும் தண்ணீராகவே பார்த்து வளர்ந்தவள். உன் அண்ணன் ஏரியில் மூழ்கிப்போனபோது நீ இடுப்புக் குழந்தை. துக்கம் விசாரிக்க வந்த ஒரு பெரியவர், உங்க பிள்ளை கரையேறிட்டான்மா, அழாதீங்க என்றார். அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் நான் பிழைத்தேன். ஏரியை வரைந்து, அக்கரையில் அவனை நிற்க வைத்து, நான் வந்து சேர்ந்துவிட்டேன் என்று சொல்வதுபோல் ஒரு கையைத் தூக்க வைத்தேன். உன் அப்பாதான் சாமியும் கிடையாது பூதமும் கிடையாது என்கிற ஆளாயிற்றே, ஆனாலும் படத்தைப் பார்த்துவிட்டு, அவரே கூடத்தில் ஆணியடித்து மாட்டிக்கொடுத்தார். சில வருஷங்களில் எனக்கும் அந்த நம்பிக்கை வற்றிவிட்டது. சண்டை போட்டுப் போகவில்லை, கும்பிட்டால் எதிரே யாரும் இல்லை என்று தோன்றியது, அவ்வளவுதான். பிறகு அந்தப் படம் பொய்யாகத் தெரிந்தது. நீலத்தைக் குழைத்து, அவனையும் கரையையும் தண்ணீரால் மூடிவிட்டேன். நீ பார்த்தது அந்தத் தண்ணீர்தான்.

போன மாதம் சுவருக்குப் பெயிண்ட் அடிக்கப் படத்தைக் கழற்றி ஜன்னலுக்கு எதிரே சாய்த்து வைத்தோம். பகல் வெளிச்சம் நேராக விழுந்ததும் பார்த்தேன். ஏரியின் நடுவே ஒரு கை. எண்ணெய் வண்ணம் நாளாக நாளாகக் கண்ணாடிபோல் ஆகும், மெல்லிசாகப் பூசிய இடத்தில் அடியில் இருப்பது தெரியவரும், இது என் தொழில், எனக்குத் தெரியாததல்ல. ஆனால் கரை தெரியவில்லை, உடம்பு தெரியவில்லை, தண்ணீரிலிருந்து கை மட்டும் நீட்டிக்கொண்டு நிற்கிறது. வந்து சேர்ந்துவிட்டேன் என்று நான் வரைந்த கை, காப்பாத்து என்று கேட்கிறது. அன்றிலிருந்து அப்பா சாப்பாட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு சமையலறைக்குள் போய்விடுவார். ஒரு மத்தியானம் பார்த்தால் படத்தின் முன்னால் நின்று அந்தக் கையைத் தொட்டுக்கொண்டிருக்கிறார். எவ்வளவு நேரம்டி அவன் கையைத் தூக்கிக்கிட்டே இருப்பான் என்றார்.

மறுபடி மூடிவிடலாம் என்றுதான் தூரிகையை எடுத்தேன், மனசு கேட்கவில்லை. போன நம்பிக்கை எனக்குத் திரும்பி வரவில்லை, அதை உன்னிடம் மறைக்க மாட்டேன். அக்கரை என்று ஒன்று இல்லை என்பதற்காகப் பெற்ற பிள்ளையைத் தண்ணீரிலேயே விட்டுவைக்க முடியுமா, சொல். மேலே பூசிய தண்ணீரை எடுத்துவிட முடிவு செய்தேன்; முதலில் வரைந்ததற்கு வார்னிஷ் பூசியிருந்ததால் அது தனியே கழன்று வந்தது. பஞ்சில் வண்ணம் கரைக்கும் மருந்தைத் தொட்டுத் தொட்டு நான் துடைக்க, அப்பா விளக்கைப் பிடித்துக்கொண்டார். தோள் வந்தது, சட்டை வந்தது, புல்லில் ஊன்றிய பாதம் வந்தபோது அப்பா மூக்கை உறிஞ்சினார், மருந்து நெடி என்றார். முகத்தில் மட்டும் வார்னிஷ் சரியாகப் பிடிக்கவில்லை போலிருக்கிறது, பஞ்சோடு முகமும் வந்துவிட்டது. நான் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அப்பாதான், விடு, அக்கரையில நிக்கிறவனுக்கு இவ்வளவு தூரத்துல முகம் எப்படித் தெரியும் என்றார். அக்கரை என்ற சொல் அவர் வாயிலிருந்து வந்ததை நான் கண்டுகொள்ளாததுபோல் இருந்துவிட்டேன்.

அந்த முகத்தை மறுபடி வரைய எனக்குக் கை வரவில்லை. படம் பழைய இடத்திலேயே இருக்கிறது, வரும்போது திடுக்கிடாதே. மூவரும் நோய்நொடியில்லாமல் நிறைந்து வாழுங்கள். ஞாயிற்றுக்கிழமை அப்பாவோடு பேச மறக்காதே, காத்திருப்பதை அவர் சொல்ல மாட்டார். அவன் என்னைப் பார்க்கிறான் என்று நான் நம்பவில்லை கண்ணு, ஆனாலும் அவனுக்கு முதுகைக் காட்டி உட்கார முடியவில்லை.

என்றும் உன் நினைவாக,
அம்மா