கமராவுக்குப் பின்னால் நின்ற அப்பாவுக்கு

எங்கள் வீட்டின் ஒரே படப்பிடிப்பாளருக்கு,

அப்பா, சுதாகர் வந்து சேர்ந்துவிட்டார். போன வியாழக்கிழமை பின்னேரம், ரொறன்ரோ விமான நிலையத்தில், இரண்டு சூட்கேசும் ஒரு பனங்கட்டிப் பெட்டியுமாக உங்கள் சின்ன மருமகன் வெளியே வந்தார். தங்கச்சி வதனி ஓடிப்போய்க் கட்டிப்பிடிப்பாள் என்று நான் ஃபோனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவள் நின்ற இடத்தைவிட்டு அசையவில்லை. அவர் கிட்டே வந்ததும், "வந்திட்டீங்களோ?" என்று மட்டும் கேட்டாள். ஐந்து வருஷம் காத்திருந்தவள் கேட்கிற கேள்வியா அது? "ஓம், வந்திட்டன்" என்றார் அவர். அதற்குப் பிறகுதான் இரண்டு பேரும் அழத் தொடங்கினார்கள்.

அவரை இங்கே கூட்டிக்கொண்டு வந்தது நீங்கள். நீங்கள் போய் நாலு வருஷமான பிறகு! எப்படி என்று உங்களுக்குச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

வதனியின் கல்யாணம் யாழ்ப்பாணத்தில் நடந்து பதினொரு மாதத்தில் உங்கள் நெஞ்சு நின்றுவிட்டது. சுதாகரைக் கூப்பிட அவள் போட்ட விண்ணப்பம் என்னவானது என்று உங்களுக்குத் தெரியாது. மறுத்துவிட்டார்கள், அப்பா. அந்தக் கடிதத்தை நான்தான் அவளுக்கு வாசித்துச் சொன்னேன். இது உண்மையான கல்யாணம் என்று அதிகாரிக்கு நம்பிக்கை வரவில்லையாம். நேர்காணலில் இரண்டு பேரும் பதறிப்போய்ப் பதிவு எழுத்து நடந்த திகதியை மாறிச் சொல்லியிருக்கிறார்கள். அது ஒன்று.

மற்றது நீங்கள். அனுப்பிய எழுபது படங்களில் ஒன்றிலும் பெண்ணின் தகப்பன் இல்லை. அம்மா இல்லாதபடியால் சித்தப்பாவும் சின்னம்மாவும்தான் மணவறையில் இருந்து தாரை வார்த்தார்கள் என்பதை அந்த அதிகாரி எப்படி அறிவார்? கனடாவிலிருந்து போன தகப்பன் மகளின் கல்யாணத்தில் ஏன் நிற்கவில்லை, குடும்பத்துக்கு இதில் சம்மதமா என்று கேட்டிருந்தார். நீங்கள் இருந்திருந்தால் ஒரு ஃபோன் அழைப்பில் தீர்ந்திருக்கும் கேள்வி.

"அப்பா நிண்டவர் அக்கா! முழு நாளும் நிண்டவர்!" என்று வதனி கத்தினாள். "கமராவோடை நிண்டவர். அதாலைதான் ஒரு படத்திலையும் இல்லை."

மேன்முறையீட்டுக்கு ஒரு லோயரைப் பிடித்தோம். இங்கே பிறந்த பிள்ளை, வதனியைவிட வயது குறைவு. வீடியோக்காரர் செய்து தந்த கல்யாணப் படத்தை அவருக்குக் காட்டினோம். மூன்று மணித்தியாலமும் பாட்டுத்தான். ஒருவர் பேசுவதும் கேட்காது. ஓரிடத்தில் உங்கள் முழங்கை தெரிகிறது, அவ்வளவுதான். லோயர் அதை நிறுத்திவிட்டு, "அக்கா, அப்பா எடுத்த வீடியோ இருக்கா? லைக், எடிற் பண்ணாதது? அவருடைய வொய்ஸ் இருந்தா போதும்" என்றார்.

இருந்தது. உங்கள் கமராப் பையில் மெமரி கார்டுகளை ரிஷ்யூக் கடதாசியில் சுற்றி, ஒவ்வொன்றிலும் பேனையால் எழுதி வைத்திருந்தீர்கள். கல்யாணத்துக்கு மட்டும் இருபத்துமூன்று பைல்கள். போட்டுப் பார்த்தோம். படம் வந்தது, கூடவே தேனீக்கூட்டைக் கலைத்த மாதிரி ஒரு இரைச்சலும் வந்தது. நல்ல சத்தம் வரவேண்டுமென்று புது மைக் ஒன்றை வாங்கிக் கொழுவினீர்களே, அதன் வயர் பழுது. ஒரு கடையில் கொண்டுபோய்க் கொடுத்தேன். "சத்தம் போயிற்றுது அக்கா. படத்தை மட்டும் எடுத்துத் தாறன்" என்றார் கடைக்காரர். இணையத்தில் ஓர் இலவசத் தளத்தில் போட்டேன். இரைச்சல் அப்படியே இருக்க, சுதாகரின் முகத்துக்குக் குறுக்கே தன் பெயரை அடித்துத் தந்தது.

அப்போதுதான் எஃப்எஃப்எம்பெக் என்று ஒன்று இருக்கிறதென்று எங்கேயோ வாசித்தேன். வீடியோவையும் ஓடியோவையும் என்ன வேண்டுமானாலும் செய்யும், இலவசம். ஆனால் அதில் அமத்துவதற்குப் பொத்தான் ஒன்றும் இல்லை, அப்பா. கறுப்புத் திரையில் கட்டளையை எழுத்து எழுத்தாக அடிக்கவேண்டும். நான் ஸ்கூல் பஸ் ஓட்டுகிறவள். எனக்கு இது சரிவருமா?

காலையில் ஸ்ரௌவ்வில் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளை இறக்கிவிட்டால் இரண்டு மணிவரை எனக்கு வேலை இல்லை. யூனியன்வில் நூலகத்தில், ஜன்னல் பக்கத்து மேசையில் லப்ரொப்பை விரித்தேன். முதல் மூன்று நாளும் அது ஒரே வசனத்தைத்தான் சொன்னது: அப்படி ஒரு பைல் இல்லை. கண்ணுக்கு முன்னால் இருக்கிறது, இல்லை என்கிறது! நாலாம் நாள்தான் பிடிபட்டது. வதனி கல்யாணம் என்று பெயரின் நடுவில் இடைவெளி விட்டு அந்த ஃபோல்டரை நான்தான் உண்டாக்கியிருந்தேன். அந்த இடைவெளியில் பெயர் முடிந்துவிட்டதென்று அது நினைத்துக்கொள்கிறது. இரண்டு பக்கமும் மேற்கோள் குறி போட்டதும் மடமடவென்று ஓடத் தொடங்கியது. நூலகத்தில் இருந்து கைதட்டிய ஒரே ஆள் நானாகத்தான் இருக்கும்.

பிறகு ஒவ்வொன்றாகப் பழகினேன். உங்கள் கமரா நீண்ட காட்சியைத் துண்டு துண்டாக வெட்டி வைத்திருந்தது. அவற்றை ஒட்டும்போது படத்தைத் திரும்பவும் மாற்றியெழுதாமல் உள்ளபடியே நகலெடு என்று சொல்லலாம், ஒரு சொல் போதும். தாலி கட்டு ஐந்து துண்டாக இருந்தது ஒரே பைலாக வந்தது. ஆனால் இரைச்சலுக்கு வழி தெரியவில்லை. வடிகட்டிகள் எத்தனையோ போட்டேன். இரைச்சல் குறைந்தால் மேளமும் குறைந்தது, ஆட்களின் குரல் தண்ணீருக்குள்ளிருந்து வருவது மாதிரி ஆனது.

அது ஒரு செவ்வாய்க்கிழமை. இரண்டு காதிலும் இயர்ஃபோனோடு இருக்கிறேன். ஒரு அன்ரி வந்து, "பிள்ளை, இந்தக் கதிரையிலை ஆரும் இருக்கினமோ?" என்று கேட்டார். பதில் சொல்வதற்காக இடது காதில் இருந்ததைக் கழற்றினேன். வலது காதுக்குள் நீங்கள் பேசினீர்கள்.

"தம்பி, இஞ்சை பாரும். இஞ்சை, கமராவைப் பாரும்."

கண்ணாடி மாதிரித் தெளிவாக, அப்பா. இரைச்சல் முழுவதும் இடது பக்கத்தில்தான் இருந்தது! வலது பக்கத்து வயருக்கு ஒன்றும் ஆகவில்லை. எத்தனை கிழமை இரண்டு காதாலும் சேர்த்துக் கேட்டு உங்களைத் தவறவிட்டிருக்கிறேன். அந்த அன்ரி பதிலுக்காக நின்றுகொண்டே இருந்தார். நான் அழுவதைக் கண்டு, "என்ன பிள்ளை, ஆருக்கும் ஏதுமோ?" என்றார். "இல்லை அன்ரி, எங்கடை அப்பா கதைக்கிறார்" என்றேன். அவர் என்ன நினைத்தாரோ தெரியாது. கதிரையை இழுத்து என் பக்கத்தில் இருந்துகொண்டார்.

வலது பக்கத்தை மட்டும் எடுத்து இரண்டு காதுக்கும் கொடு. அதற்கான கட்டளை ஒரு வரிகூட வராது. அதை இருபத்துமூன்று பைலுக்கும் கொடுத்தேன். நீங்கள் வாய் ஓயாமல் பேசியிருக்கிறீர்கள்! ஐயரிடம் தள்ளி நிற்கச் சொல்கிறீர்கள். சித்தப்பாவின் சால்வையைச் சரிசெய்யச் சொல்கிறீர்கள். "நீங்களும் ஒரு படத்துக்கு வாங்கோவன் அத்தான்" என்று சின்னம்மா கூப்பிட, "நான் வந்தால் ஆர் எடுக்கிறது? என்ரை பிள்ளையின்ரை கல்யாணம், ஒண்டும் விடுபடக்கூடாது" என்கிறீர்கள். அதிகாரி கேட்ட கேள்விக்குக் கல்யாண நாளிலேயே பதில் சொல்லி வைத்திருக்கிறீர்கள்.

சாப்பாட்டு நேரத்தில் சுதாகரிடம், "தம்பி, வதனிக்கு முட்டை ஒத்துவராது, தெரியுமோ உமக்கு?" என்கிறீர்கள். "தெரியும் மாமா. கேக்கும் முட்டை போடாமல்தான் செய்விச்சனான்" என்கிறார் அவர். லோயர் இதை மூன்று தரம் கேட்டார். "ஓ மை கோட், அக்கா. இதை யாரும் நடிக்க முடியாது."

கடைசிப் பைலை நான் தள்ளி வைத்திருந்தேன். ஏழு நிமிஷம், படம் சரிந்துபோய், ஒரு மேசை விளிம்பும் சுவரும்தான் தெரிந்தது. அணைக்க மறந்து கமராவைச் சரித்து வைத்துவிட்டீர்கள் என்று விளங்கியது. ஒன்றும் விடக்கூடாது என்று நீங்களே சொன்ன பிறகு அதை மட்டும் விடுவதா? படத்தைக் கால்வாசி சுற்றிவிடு என்று ஒரு கட்டளை உண்டு. சுற்றினேன். சுவர் நிமிர்ந்தது. நாலாவது நிமிஷத்தில் சுதாகர் மாலையோடு வந்து நின்றார். அவருக்கு முன்னால், வேட்டியும் வியர்த்த சட்டையுமாக, நீங்கள் வந்தீர்கள்.

முழு ஆளாக, அப்பா. தலை முதல் கால் வரை.

"தம்பி, இவளின்ரை அம்மா இருந்திருந்தால் அவதான் இதைச் சொல்லியிருப்பா. எனக்குச் சொல்லத் தெரியேல்லை. பிள்ளையைப் பாத்துக்கொள்ளும்" என்று சொல்லி அவரைக் கட்டிப்பிடித்தீர்கள். "மாமா, அழாதேங்கோ" என்கிறார். "ஆர் அழுதது? கமராவைப் பாத்துப் பாத்துக் கண் எரியுது" என்கிறீர்கள்.

வதனிக்கு அதைக் காட்டினேன். அவள் திரையைத் தொட்டுக்கொண்டே இருந்தாள். "அக்கா, நாங்கள் வெல்லுவம்" என்றாள். மறுப்புக் கடிதம் வந்த நாளுக்குப் பிறகு அவள் குரலில் அந்த உறுதியை அன்றுதான் கேட்டேன்.

அனுப்பக்கூடிய பைலின் அளவுக்குக் கட்டுப்பாடு இருந்தது. தரத்துக்கு ஓர் எண் கொடுக்கவேண்டும். எண் கூடினால் பைல் சிறுக்கும், படமும் மங்கும். முப்பத்தைந்தில் உங்கள் முகம் களிமண்ணில் பிடித்தது போல் இருந்தது. பதினெட்டில் பைல் அடங்கவில்லை. இருபத்தாறில் உங்கள் நெற்றித் திருநீறு மூன்று கோடாகத் தெரிந்தது. அது போதும் என்று நிறுத்தினேன்.

விசாரணை வீடியோவில் நடந்தது. லோயரின் அறையில் வதனிக்குப் பக்கத்தில் நானும் சாட்சியாக இருந்தேன். எதிர்த்தரப்பு வழக்கறிஞர் என்னிடம் நேராகக் கேட்டார், இந்த வீடியோவை நீங்கள் மாற்றியிருக்கிறீர்கள்தானே என்று. நான் அடித்த கட்டளை ஒவ்வொன்றையும் ஒரு கொப்பியில் எழுதி வைத்திருந்தேன். உங்கள் அசல் பைல்களோடு அதையும் லோயர் முன்கூட்டியே அனுப்பியிருந்தார்.

"ஓம், மாத்தினனான்" என்றேன். "துண்டுகளை ஒட்டினன். இரைஞ்ச பக்கத்தை எடுத்துப்போட்டன். சரிஞ்ச படத்தை நிமித்தினன். அளவைக் குறைச்சன். ஒரு செக்கனும் வெட்டேல்லை. இதே கட்டளையை நீங்கள் அடிச்சாலும் இதேதான் வரும்."

மொழிபெயர்ப்பாளர் அதை ஆங்கிலத்தில் சொன்னார். வழக்கறிஞர் கொப்பியின் பக்கங்களைப் புரட்டிவிட்டு, வேறு கேள்வி இல்லை என்றார். பிறகு அந்த ஏழு நிமிஷத்தையும் போட்டார்கள். தீர்ப்புச் சொல்லும் அம்மா கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். கண் எரிகிறது என்று நீங்கள் சொன்ன இடத்தில் சிரித்தார். வதனி என் விரலை முறிக்கிற மாதிரிப் பிடித்திருந்தாள்.

ஐந்து கிழமைக்குப் பிறகு, பஸ்களை விடும் முற்றத்தில் நிற்கும்போது லோயர் ஃபோன் எடுத்தார். "அக்கா, வீ வொன்!" என்றார். அதற்கு மேல் அவர் சொன்னது ஒன்றும் எனக்குக் கேட்கவில்லை. என் மஞ்சள் பஸ்ஸின் ஹோர்னில் இரண்டு கையையும் வைத்து அமத்திக்கொண்டிருந்தேன். மற்ற டிரைவர்மார் என்னவோ ஏதோ என்று ஓடிவந்தார்கள். இறங்கி ஒவ்வொருவரையும் கட்டிப்பிடித்தேன். ஒருவருக்கும் விஷயம் விளங்கவில்லை. எல்லோரும் சந்தோஷப்பட்டார்கள்.

அதற்குப் பிறகும் மருத்துவப் பரிசோதனை, பத்திரங்கள் என்று மாதங்கள் ஓடித்தான் போயின. ஆனால் அந்தக் காத்திருப்பு வேறு. வதனி அவருக்குக் குளிர்ச் சட்டை வாங்கிக்கொண்டு காத்திருந்தாள். இப்போது சுதாகர் என் வீட்டுக் கீழ்த்தளத்தில் நேர மாற்றம் பிடிபடாமல் பகலில் தூங்குகிறார். அவர் எழும்பிவிடுவார் என்று வதனி படியில் சத்தமில்லாமல் இறங்கிப் பழகுகிறாள்.

அப்பா, ஒன்றை ஒத்துக்கொள்ளவேண்டும். கல்யாணம் முடிந்து வந்த கிழமையே நீங்கள் எடுத்த வீடியோவை எல்லோருக்கும் பிரதி எடுத்துக் கொடுத்தீர்கள். பார்த்தாயோ என்று என்னிடம் எத்தனை தரம் கேட்டீர்கள்? ஓம், நல்லாயிருக்குது என்று ஒவ்வொரு தரமும் சொன்னேன். பொய். நான் அதைத் திறக்கவே இல்லை. வதனியும் திறக்கவில்லை. திறந்திருந்தால் அந்த இரைச்சலை அப்போதே உங்களிடம் சொல்லியிருப்போம்தானே? நாங்கள் பார்க்கவில்லை என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். தெரிந்தும் ஏன் ஒன்றும் சொல்லவில்லை?

வருகிற ஞாயிற்றுக்கிழமை மார்க்கம் நகரில் ஒரு மண்டபம் எடுத்திருக்கிறோம். சொந்தம் எல்லாம் வருகிறது. முதல் துண்டு தொடங்கிக் கடைசி ஏழு நிமிஷம் வரை, ஆறு மணித்தியாலத்தையும் பெரிய திரையில் போடப்போகிறேன். பாட்டும் இல்லை, வெட்டும் இல்லை. நான் முன்வரிசையில் இருப்பேன். முடியும்வரை எழும்பமாட்டேன், அப்பா. இது சத்தியம்.

உங்கள் குரலை ஒரு காதால் கண்டுபிடித்த மூத்த மகள்,
கௌரி