சட்டைப் பையில் இருந்த குளிசைகள்

மார்கழி, செவ்வாய்க்கிழமை.

இவருக்கு எலிக்காய்ச்சல்தான் என்று இன்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். கண் இரண்டும் சிவந்து கிடக்கின்றன; கெண்டைக்கால் உளைவில் நடக்கவும் முடியவில்லை. வயல் தண்ணீரில் எலியின் சிறுநீர் கலந்து, கால் வெடிப்பு வழியாக உள்ளே போயிருக்கும் என்றார் டொக்டர்.

"தடுப்புக் குளிசை குடிச்சனீங்களோ?"

"ஓம், கிழமைக்குக் கிழமை குடிச்சனான்" என்றார் இவர்.

சுகாதாரப் பரிசோதகர் எங்கள் ஊர் முரசுமோட்டைக்கு வந்து எல்லோருக்கும் கொடுத்த மாத்திரை அது. நேற்று இவருடைய சட்டையைத் தோய்க்க எடுத்தபோது, பைக்குள் குளிசைகள் ஒன்றும் குறையாமல் இருந்தன. சொல்லாவிட்டால் வைத்தியம் பிழையாகிவிடுமோ என்று பயந்து, "இல்லை டொக்டர், இவர் ஒண்டும் குடிக்கேல்லை" என்றேன். டொக்டர் எழுதிக்கொண்டு போனார். இவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துவிட்டார்.

கனநேரத்துக்குப் பிறகு, திரும்பாமலே கேட்டார்: "நீர் உம்மட குளிசையைக் குடிச்சனீரோ?"

"ஓம்" என்றேன்.

நானும் அதே சேற்றில்தான் நின்றேன். குளிசை குடித்தால் வயிறு எரியும் என்று ஊரில் சொன்னார்கள். என்னுடைய குளிசைகள் குசினித் தட்டில் பிரிக்காமலே கிடக்கின்றன. டொக்டரிடம் இவரைக் காட்டிக்கொடுத்துவிட்டு, இவரிடம் நான் ஏன் அதே பொய்யைச் சொன்னேன்? எனக்கே விளங்கவில்லை. பின்னேரத்திலிருந்து கெண்டைக்கால் உளைகிறது. பஸ்ஸில் நின்றுகொண்டு வந்ததால் இருக்கும்.